நான்கு பானைகளும் ஒரு கேள்வியும்

சங்கீதா அக்காவின் நோட்டில் மூன்று நாளாக ஊரார் சொன்ன ஒரே பதில்தான் இருந்தது: ‘தெரியாதுங்க.’

கொல்லிமலைக் காட்டில் எந்தெந்த விலங்குகளை வேட்டையாடுகிறார்கள் என்று ஆராய வந்தவர் அவர். அது தெரிந்தால்தான் எதை முதலில் காப்பாற்றுவது என்று திட்டமிட முடியும். ஆறாம் வகுப்பு அருணா அவருக்கு ஊரைச் சுற்றிக் காட்டினாள்.

“நாளைக்கு வெறுங்கையோடதான் திரும்பணும்போல, கண்ணு” என்றார் அக்கா.

அருணாவுக்கு விஷயம் தெரியும். அவளுடைய அப்பா மாதேஸ்வரனே, மரவள்ளிக் குச்சிக்கிழங்கைத் தோண்டித் தின்னும் காட்டுப்பன்றிக்காகத் தோட்டத்தில் கம்பிக்கண்ணி வைப்பவர்தான். போன மாதம் அதில், அருகிவரும் எறும்புத்தின்னியான அழுங்கு ஒன்று மாட்டிச் செத்துக் கிடந்தது. உடம்பெல்லாம் செதிலோடு, பந்துபோலச் சுருண்டு. அதைச் சொல்லிவிடலாம். ஆனால் வனத்துறைக்குத் தெரிந்தால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களே, அப்பாவைக் காட்டிக்கொடுப்பதா?

“அக்கா, யாரு புடிச்சாங்கன்னு உங்களுக்குத் தெரியணுமா?”

“வேண்டாம். என்ன மாட்டுதுன்னு தெரிஞ்சாப் போதும்.”

“அப்ப ஓட்டு மாதிரி வெச்சிரலாங்க. எங்க கிளாஸ் லீடருக்கு அப்படித்தான் போட்டோம்.”

மாலையில் பள்ளிக்கூட அறைக்கு நான்கு பானைகள் வந்தன. மூன்றில் பன்றி, முயல், அழுங்கு என்று அருணா படம் ஒட்டினாள். பன்றி எருமைபோல இருந்ததால் அடியில் பெயரும் எழுதினாள். வாசலில் கூடிய ஊராரிடம் அவளே விளக்கினாள்.

“ஆளுக்கு மூணு புளியங்கொட்டைங்க. இந்த வருசம் உங்க கண்ணியில எது மாட்டுச்சோ, அந்தப் பானையில ஒண்ணு போடுங்க. மிச்சத்தப் படமில்லாத பானையில போட்டிருங்க. ஒவ்வொருத்தராத்தான் உள்ள போகணும்.”

“உள்ள யாரு இருக்கா?” என்று கேட்டார் பக்கத்துத் தோட்டத்துப் பொன்னம்மாள்.

“பானைங்க மட்டுந்தான்.”

சிரிப்பு எழுந்தது. ஆனால் யாரும் அசையவில்லை. கடைசியில் அப்பாதான் முதலில் எழுந்தார். அவர் வெளியே வந்ததும் வாசலில் வரிசை நீண்டது.

எல்லாரும் போட்டு முடித்ததும் அக்கா எண்ணிச் சொன்னார். “பன்றி முப்பது. முயல் பன்னிரண்டு. அழுங்கு ஒன்பது.”

“ஒன்பதா?” என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்.

அப்பா மெதுவாகச் சொன்னார். “எங் கண்ணியில மட்டுந்தான் அழுங்கு மாட்டுச்சுன்னு நெனச்சிருந்தேனுங்க. நாளைக்கே அதப் பிடுங்கிப் போடறேன்.”

“எனக்கும் ஒண்ணு மாட்டுச்சு” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

“பன்றிக்கு நல்ல வேலி கிடைச்சா, கண்ணியே தேவைப்படாதில்லீங்களா?” என்றார் அக்கா. “அதைத்தான் அறிக்கையில முதல்ல எழுதப்போறேன். ஆமா, இந்தப் பானை யோசனை யாருதுன்னு தெரியுங்களா?”

“எம் மவளுதுங்க” என்றார் அப்பா, யாரும் வாய் திறப்பதற்குள்.

ஞாயிற்றுக்கிழமை, மலையின் இன்னொரு பகுதியான பெரக்கரை நாட்டு ஊர்களிலும் பானை வைக்கக் கிளம்பிய ஜீப்பில், அக்காவுக்குப் பக்கத்து இருக்கையில் அருணா உட்கார்ந்திருந்தாள். ஊர் முழுக்கப் பார்க்கட்டும் என்று கண்ணாடியை நன்றாக இறக்கிவிட்டிருந்தாள்.