ஆரத்துக்கு வெளியே

காலை ஏழு மணிக்கு வேதாரண்யத்தில் சிங்காரவேலு பெயர்ப்பு வாசலுக்குள் கால் வைத்தார். மாலையில், வட்டநகரில் வேலை முடித்த ஆள் சங்கரன்கோவிலுக்குத் திரும்பிப் போனார்.

சிங்காரவேலுவின் மனைவி தமயந்திதான் வாசல்களின் சரிபார்ப்பாளர். ஆளை ஒரு நொடியில் ஊர்விட்டு ஊர் பெயர்க்கும் அந்த வாசல்கள் வந்து, பேருந்துகள் நின்று ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. வெளியூர்களின் ஒவ்வொரு புள்ளியையும் வட்டநகரின் ஒரு புள்ளிக்கு அனுப்பியது ஒரே சமன்பாடு. இரண்டு வாசல்கள் ஓரிடத்தில் இறக்கிவிடக் கூடாது. அதுதான் ஒருமை விதி. ஏனென்றால், இறங்கிய இடத்தை வைத்துத்தான் இயந்திரம் மாலையில் அவரவர் வீட்டைக் கண்டுபிடித்தது.

தமயந்தி விதியைச் சோதித்திருந்தாள். அடுத்தடுத்த வீடுகளிலிருந்து தண்ணீர்க் குடங்களை அனுப்பினாள். ஒரு தெருவிலும் ஒரு குடம் இன்னொன்றோடு உரசவில்லை. கையெழுத்திட்டாள்.

சுழல் படிக்கட்டை மேலிருந்து பார்த்தால் அடுத்தடுத்த படிகள் தனித்தனியாகத்தான் தெரியும். ஒரு சுற்று முடிந்ததும் மேல்படி கீழ்ப்படியை மறைத்துவிடும். அவள் அக்கம்பக்கத்தை மட்டுமே பார்த்திருந்தாள். வாசல்கள் கடற்கரை வரை நீண்டபோது, சமன்பாடு ஒரு சுற்று சுற்றி வந்திருந்தது.

இரவு வீடு திரும்பாத கணவரைத் தேடி, அவர் இறங்கிய அதே புள்ளியில் இறக்கும் இன்னொரு வாசல் இருந்த சங்கரன்கோவிலுக்கு மறுநாள் தமயந்தி போனாள். கதவைத் திறந்தவள் ஆவுடைத்தங்கம்.

"உள்ள வாங்கக்கா. நீங்கதான் தமாவா?"

அவளை அப்படி அழைக்கிறவர் உலகத்தில் ஒருவர்தான்.

"காலைல எந்திச்சதும் 'தமா, வெந்நி போட்டியா'ன்னு கேக்காக. எவ அவன்னு சண்டைக்குப் போனேன். முழிக்காக. பாவம், அவுகளுக்கே தெரியல."

கட்டிலில் இருந்தவருக்கு ஆவுடைத்தங்கத்தின் கணவர் பேச்சிமுத்துவின் முகம். அவர் எழுந்து போய்ச் செருப்பைப் படியில் மூன்று முறை தட்டினார். சிங்காரவேலு தட்டுவதைப் போலவே. ஈர மணல் உதிர்ந்தது.

"எங்க ஊரு கரிசலுல்லா. மணலுக்கு எங்கக்கா போக?"

"என்னங்க," என்றாள் தமயந்தி.

அவர் இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் சாப்ட்டீங்களா?"

வட்டநகரில் நிலைய இயக்குநர் தேவசகாயம் அவளை உட்காரச் சொன்னார்.

"பிரிச்சு எடுக்க முடியுமா சார்?"

"உங்க ஊர் வாசல் சமன்பாட்டுல இருக்கிற வரைக்கும் முயற்சி பண்ணலாம்மா. எடுத்துட்டா அவரைத் திருப்பி அனுப்ப இடமே இருக்காது." கண்ணாடியைக் கழற்றினார். "ஆனா விட்டு வச்சா, நாளைக்கு இன்னும் எத்தனை பேர் ஒண்ணாவாங்க? நீங்கதானே கணக்குத் தெரிஞ்சவங்க."

மதியத்துக்குள் அவள் விடையைக் கண்டுவிட்டாள். வாசல்கள் இயங்கும் வட்டத்தின் ஆரத்தைச் சுருக்கினால், உள்ளே ஒருமை விதி நிச்சயம் நிற்கும், நிரூபிக்கவே முடியும். சங்கரன்கோவில் உள்ளே இருக்கும். வேதாரண்யம் வெளியே போய்விடும்.

பேனாவை இரண்டு முறை கீழே வைத்தாள். பிறகு கையெழுத்திட்டாள்.

வேதாரண்யத்து வாசல் மூடுமுன், கடைசிப் பெயர்ப்பில் வீட்டுக்கு வந்து நிரூபணத்தை மறுபடி படித்தாள். வட்டத்துக்குள் ஒவ்வொருவரும் ஒருவரே. வெளியிலிருந்து உள்ளே எதுவும் வராது. ஒரு வரியிலும் பிழை இல்லை. அவருடைய துண்டு கொடியில் கிடந்தது. அதை எடுக்கவில்லை.

காலையில் தொலைபேசி அடித்தது.

"அக்கா," என்றாள் ஆவுடைத்தங்கம். "இன்னைக்கும் செருப்பைத் தட்டுதாக. மணல் கொட்டுது. நேத்தைவிட ஜாஸ்தி."

தமயந்தி கதவைத் திறந்தாள். வாசற்படிக்குக் கீழே மணல் ஒரே இரவில் ஓரடி இறங்கியிருந்தது.