தண்டவாளத்தில் காது

ஆள் அரவம் கேட்டாலே புதருக்குள் மறைந்துவிடும் ஆறுமணிக்குருவி, சபின் இரண்டடி தூரத்தில் வந்து நின்ற பிறகும் அசையவில்லை. துருப்பிடித்த தண்டவாளத்தின் மேல் தலையைச் சாய்த்து, இரும்போடு ஒட்டிக்கொண்டு, கண்ணைத் திறந்தபடி கிடந்தது. மார்பு ஏறி இறங்கியது. உயிரோடுதான் இருந்தது.

"அடிபட்டிருக்குமா?" என்று கிசுகிசுத்தாள்.

"தூஸ்மான். மெதுவா வா," என்று பிரெஞ்சு கலந்து சொன்னார் அவள் கணவர் லுயீஸ்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருபது வருஷம் இருந்துவிட்டுப் பென்ஷனோடு சாரம் என்ற ஊரில் குடியேறியவர். ஐப்பசி பிறந்தால் போதும், வலசை வரும் பறவைகளைத் தேடி, பஞ்சாலைக்குப் போன இந்தப் பழைய ரயில் பாதையில் மனைவியையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஆலை எப்போதோ மூடிவிட்டது. இரண்டு முனையிலும் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். நடுவில் ஒரு மைல் மட்டும் கருவேலங்காட்டுக்குள் மிச்சம்.

மழை ஓய்ந்த சாயங்காலம். ஈரச் சரளையின் வாசமும் ஊறிய இலைகளின் புளித்த நெடியும் கலந்து முகத்தில் அடிக்க, கிளைகளிலிருந்து சொட்டும் நீரைத் தவிர வேறு சத்தமே இல்லை, ஒரு தவளைகூடக் கத்தவில்லை என்பது நடக்க நடக்கத்தான் அவளுக்கு உறைத்தது.

பத்தடி தள்ளி ஒரு முயல். அதே மாதிரி தலை சாய்த்து. அதை ஒட்டி ஒரு நரி. நரியின் மூச்சுப் பட்டு முயலின் முதுகு மயிர் அசைந்தது. அப்பால் ஒரு கீரி, இரண்டு மயில்கள். காதே இல்லாத சாரைப்பாம்புகூட இரும்பில் தலையை வைத்திருந்தது.

"வாங்க, திரும்பிடலாம்."

"இரு. என்னத்த கேக்குதுங்கன்னு பாத்துட்டு வந்துடறேன்."

நரிக்குப் பக்கத்தில் முழங்காலிட்டார். குனிந்தார். காதை வைத்தார்.

"யாரோ பேசறாங்க, சபின்." அவர் முகம் குழந்தை முகம்போல மலர்ந்தது. "பேர் சொல்லிக் கூப்புடறாங்க. ஒவ்வொண்ணா..."



தோளைப் பிடித்து இழுத்தாள். தூண்போல் கனத்தார். "எந்திரிங்க! என்னங்க, எந்திரிங்க!" திறந்திருந்த அவர் கண்ணின் மேல் ஓர் எறும்பு ஏறிக் கடந்தது. இமை அசையவில்லை.

சருகு நொறுங்கியது. தலையில் விறகுக்கட்டோடு ஒரு பெண் மேட்டில் ஏறி வந்தாள்.

"அம்மா! இவரக் கொஞ்சம் புடிங்கம்மா!"

அவள் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. கட்டை இறக்கி வைத்தாள். மண்டியிட்டாள். மயிலுக்கு அந்தப் பக்கம் காதை வைத்துக்கொண்டாள்.

சபின் ஓடத் திரும்பினாள். கால் வரவில்லை. செருப்புக்கு அடியில் சரளை மெல்ல அதிர்ந்தது.

பின்னால் ஏதோ நகரும் சத்தம். திரும்பினாள்.

நரி உடம்பைக் குறுக்கிக்கொண்டது. லுயீஸ் காதை எடுக்காமலே கொஞ்சம் தள்ளிப் படுத்தார். இரண்டு பேருக்கும் நடுவே இரும்பில் இடம் பிறந்தது. ஒரு முகம் வைக்கும் அளவு.

அவள் முழங்கால் மடிந்தது.