நள்ளிரவு 12.40-க்கு ஒரு வாசகி

போன் அடித்தது.

நூலகத்தின் இரண்டாவது மாடி. ஆய்வுக் களஞ்சியப் பிரிவு. காலை பத்து மணி ஐந்து நிமிடம்.

எவாஞ்சலின் எடுத்தாள்.

"அம்மா... எம் பொண்ணு புஸ்தகம் தொறக்க மாட்டேங்குதும்மா."

பெண் குரல். பின்னால் பாத்திரங்கள் உருளும் சத்தம்.

"எந்தப் புஸ்தகம்மா? பொண்ணு பேரென்ன?"

"காவியா. பேரிகை ஊருக் காவியா. அந்தப் பக்கத்துக்கு அடியில இந்த நம்பர் போட்டிருந்துச்சு, அதான் அடிச்சேன்."

எவாஞ்சலினின் கையிலிருந்த பேனா நின்றது.

காவியா செத்து இன்றோடு சரியாக ஒரு வருஷம்!

சூளகிரிப் பக்கம், நெடுஞ்சாலையை ஒட்டிய இதே தனியார் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவியாக இருந்தவள். கிணற்று நீரைப் பரிசோதித்து ஆய்வேடு எழுதியவள். கல்குவாரிக் குட்டையில் பிணமாக மிதந்தவள். அவள் எழுதியது மட்டும் இணையத்தில் இருந்தது. எவாஞ்சலினின் வேலையே அதுதான்... மாணவர்கள் தங்கள் கணக்கில் ஏற்றும் ஆய்வேடுகளைக் களஞ்சியத்தில் பராமரிப்பது. ஏற்றிவிட்டால் உலகத்தில் யார் வேண்டுமானாலும் திறக்கலாம். காசு இல்லை, கடவுச்சொல் இல்லை.

பேசியது காவியாவின் அம்மா மாதேஸ்வரி. ஓசூரில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை. காலையில்கூடத் திறந்ததாம். டீ நேரத்தில், கூட வேலை செய்கிறவர்களுக்குக் காட்டலாமென்று எடுத்தால் வரவில்லையாம்.

"நீங்க அத தெனமும் பாப்பீங்களாம்மா?"

"ஒரு நாளு விட்டதில்ல. இங்கிலீசு எனக்கு என்னாத்துக்கு? மொதப் பக்கத்துல தமிழ்ல ரெண்டு வரி எழுதியிருக்கா பாருங்க, அதத்தான் பாப்பேன். கெணத்துல தண்ணி சேந்தி வெச்சுட்டு, கம்பெனி பஸ் வர்றதுக்குள்ள... ஆறு பத்துக்கு."

ஆறு பத்து என்று தாளில் குறித்துக்கொண்டாள் எவாஞ்சலின்.

அந்த இரண்டு வரி அவளுக்கும் மனப்பாடம். 'எங்கள் கிணற்றுக்கும், அதில் தண்ணீர் சேந்தி என்னை வளர்த்த என் அம்மா மாதேஸ்வரிக்கும்.'

ஆனால் அந்த ஆறு பத்து?

மாதாமாதம் களஞ்சியம் ஒரு பதிவிறக்கக் கணக்கு எடுக்கும். எந்த ஆய்வேட்டை, எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திறந்தார்கள் என்று. காவியாவின் ஆய்வேட்டுக்கு ஒரே ஒரு வாசகர். தினமும், தவறாமல்.

நள்ளிரவு 12.40-க்கு!

ஒரு வருஷமாக அந்த வரியைக் கண்டால் எவாஞ்சலின் கழுத்துச் சிலுவையைத் தொட்டுக்கொள்வாள். யாரிடமும் சொன்னதில்லை.

அம்மா படிப்பது ஆறு பத்துக்கு என்றால்... பன்னிரண்டு நாற்பதுக்குப் படிப்பது யார்?

"பாத்துட்டுக் கூப்பிடறேம்மா," என்றாள்.

"கூப்புடும்மா. எம் பொண்ணு தானாப் போயிட்டான்னு போலீசுல எழுதிட்டாங்க. அவ அப்பிடிப் போறவ இல்ல. அந்தப் புஸ்தகம் ஒண்ணுதான் எனக்கு மிச்சம்."

போன் அணைந்தது.

'தானாக' என்று போலீஸ் எழுதியது எதை வைத்து?

எவாஞ்சலின் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஒரு தாளை வைத்து.

*

திரையில் காவியாவின் பக்கத்தைத் திறந்தாள். தலைப்பு இருந்தது. பெயர் இருந்தது. ஆய்வேடு இல்லை. நடுவில் ஒரே வரி: 'இந்த ஆவணம் திரும்பப் பெறப்பட்டது.'

களஞ்சியத்தில் எதையும் சுத்தமாக அழிக்க முடியாது. எடுத்தாலும் பெயரும் தேதியும் நிற்கும். நூலகக்காரர்கள் அதைக் கல்லறைப் பக்கம் என்பார்கள்.

யார் எடுத்தது? உள்பதிவைத் திறந்தாள். பொது மக்களுக்குத் தெரியாத பக்கம் அது. அவளே அபூர்வமாகத்தான் போவாள்.

'திரும்பப் பெற்றவர்: திம்மராயன். நேரம் 04.31. இன்று.'

திம்மராயன் தலைமை நூலகர். அடுத்த அறையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

"சார், விடியக்காலைல நாலரை மணிக்கு இங்க என்ன பண்ணினீங்க?"

"ஏமம்மா, காலங்காத்தால பேய்க் கதையா? நாலரைக்கு எங்க வீட்டு நாய்கூட எந்திரிக்காது."

"காவியா ஆய்வேட்ட எடுத்தது நீங்கதான?"

"ஆமா, இப்பத்தான். பத்து மணிக்கு வந்து உக்காந்ததும் மொத வேல அதான். நாராயணப்பன் சார் போன் பண்ணாரு, எடுத்தேன்."

பத்து மணிக்கு எடுத்ததைக் களஞ்சியம் நாலரை என்கிறது. ஆறு பத்துக்குத் திறந்ததைப் பன்னிரண்டு நாற்பது என்கிறது.

எவாஞ்சலின் விரல் விட்டு எண்ணினாள்.

அங்கும் ஐந்தரை மணி வித்தியாசம். இங்கும் ஐந்தரை மணி!

"சார்... நம்ம களஞ்சியம் எந்த ஊரு கடிகாரத்துல ஓடுது?"

திம்மராயன் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சாவகாசமாகச் சொன்னார். அது லண்டன் கிரீன்விச் கடிகாரம், கோடையிலும் மாறாது. மென்பொருள் போட வந்த பெங்களூர்க் கம்பெனிக்காரர்கள் மாற்றாமலே போய்விட்டார்கள். வெளிப்பக்கத்தில் தேதி மட்டும்தானே வருகிறது, நேரத்தை யார் கண்டார்கள் என்று இவரும் விட்டுவிட்டார்.

"நம்ம நேரம் வேணும்னா அஞ்சரை மணி கூட்டிக்கணும். ஏன், நீ வந்தப்ப சொல்லலியா நானு?"

சொல்லவில்லை.

எவாஞ்சலின் வேலைக்குச் சேர்ந்து இரண்டே மாதம் ஆகியிருந்தபோது ஒரு இன்ஸ்பெக்டர் வந்து கேட்டார், அந்தப் பெண் கடைசியாக எப்போது ஆய்வேட்டை ஏற்றினாள் என்று. அவள் உள்பதிவைப் பார்த்து அச்செடுத்துக் கையெழுத்திட்டாள். 'காலை 10.12.'

அந்த ஒரு தாள் மீது மொத்த வழக்கும் உட்கார்ந்தது. பத்து பன்னிரண்டு வரை உயிரோடிருந்தாள், வேலையை முடித்தாள், பிறகு குட்டையில் இறங்கினாள்... கோப்பு மூடப்பட்டது.

10.12-உடன் ஐந்தரையைக் கூட்டினாள்.

மாலை 3.42.

உடலைக் குட்டையிலிருந்து ஆடு மேய்ப்பவர்கள் எடுத்தது அன்று மதியம் ஒரு மணிக்கு!

செத்த பெண் மூன்று நாற்பத்திரண்டுக்கு எப்படி ஆய்வேடு ஏற்றினாள்?

*

உள்பதிவில் காவியாவின் பெயருக்கு நேராக இரண்டு வரிகள் இருந்தன. சாவுக்கு முந்தின நாள் ஒரு கோப்பு. மறுநாள், அவள் கணக்கிலிருந்தே இன்னொன்று. புதியது வந்தால் பழையது அழியாது, பின்னால் போய் மறைந்துகொள்ளும். வெளியே புதியது மட்டும் தெரியும்.

இரண்டையும் திறந்து பக்கம் பக்கமாக ஒப்பிட்டாள்.

எல்லாம் ஒன்றுதான்... ஏழாவது அட்டவணை வரை.

கிணற்று நீரில் குரோமியம். அனுமதித்த அளவு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். கிணறு எண் பதினான்கு, பேரிகை, உரிமையாளர் மாதேஸ்வரி.

காவியா ஏற்றிய கோப்பில் 0.41.

மறுநாள் வந்ததில் 0.04.

போனில் மாதேஸ்வரி சொன்னது காதில் வந்தது. கெணத்துல தண்ணி சேந்தி வெச்சுட்டு...

காவியாவின் வழிகாட்டி பேராசிரியர் நாராயணப்பன். பக்கத்துக் குரோமிய முலாம் பூசும் ஆலைக்கு, கழிவால் பாதிப்பில்லை என்று சான்றிதழ் கொடுத்தவர். அவரிடம் படிக்கிற மாணவர்கள் எல்லோரும் களஞ்சியக் கடவுச்சொல்லை அவரிடம் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அது இங்கே எழுதாத சட்டம். அன்று காலை ஒன்பதரை முதல் ஒன்றரை வரை அவர் கிருஷ்ணகிரியில் ஒரு வாய்மொழித் தேர்வில் இருந்தார். நான்கு பேராசிரியர்கள் சாட்சி. 'காலை 10.12' என்ற தாள் இருந்ததால், ஒன்பதரைக்கு முன்னால் அவர் எங்கே இருந்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

கொலைகாரனுக்குக் காப்புக் கட்டிவிட்டது என் கையெழுத்து!

ஸ்டேஷனுக்குப் போன் செய்தாள். பழைய இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போயிருந்தார். இப்போது இருப்பது ராசாத்தி. முழுக்கக் கேட்டுவிட்டு அந்த அம்மாள் ஒன்றே ஒன்று சொன்னார்:

"நேரம் பொய்யின்னு ஆச்சு, சரி. ஏத்துனது அவர்தான்னு எப்பிடிம்மா சொல்லுவ? பாஸ்வேர்டு இன்னும் நாலு பேருக்குத் தெரியும்பாரே."

எவாஞ்சலின் யோசித்தாள்.

"அவரு இன்னும் ஃபாரத்துல கையெழுத்துப் போடல மேடம். ஆய்வேட்ட எடுக்கணும்னா போட்டே ஆகணும். வரச் சொல்லட்டுமா?"

*

மதியம் இரண்டு மணி. நாராயணப்பன் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை. கண்ணுக்குக் கீழே மட்டும் கருவளையம்.

மூலை மேசையில் சுடிதார் போட்ட ஒரு பெண் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தாள். அவர் கவனிக்கவில்லை.

"பாவம் அந்தப் பொண்ணு, எதுக்கு இன்னும் இணையத்துல கெடக்கணும்? அதான் எடுக்கச் சொன்னேன்," என்றார்.

"சரிங்க சார். என்ன எடுக்கணும்னு இந்தக் கட்டத்துல உங்க கையால எழுதிடுங்க. எழுதினத மட்டுந்தான் எடுக்க முடியும். எழுதாதது உள்ளயே இருந்துக்கும்."

பேனா தயங்கியது.

"உள்ளயே... இருக்குமா?"

"எப்பவும் இருக்கும் சார்."

மின்விசிறி கிறீச்சிட்டது. அவர் நெற்றியைத் துடைத்தார். எழுதினார். கையெழுத்திட்டார். தாளைத் தள்ளினார்.

எவாஞ்சலின் சத்தமாகப் படித்தாள்.

"'காவியாவின் இரண்டு கோப்புகளும்.'"

மூலை மேசையில் செய்தித்தாள் மடிந்தது.

"இரண்டா?" ராசாத்தி எழுந்து வந்தார். கையில் போன வருஷத்து வழக்குக் கோப்பு. "நீங்க குடுத்த வாக்குமூலம் இதுல இருக்கு சார். 'அவள் ஆய்வேடு ஏற்றியதே எனக்குப் பிறகுதான் தெரியும். இணையத்தில் ஒரு கோப்பைத்தான் பார்த்தேன்.' வெளிய இருந்து பாக்கறவங்களுக்கு ஒண்ணுதான் தெரியும். தலைமை நூலகருக்கே இன்னொண்ணு இருக்கறது தெரியாது. உங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சுது?"

நாராயணப்பன் தாளைத் திரும்ப இழுக்கப் பார்த்தார்.

"அது... பத்து பன்னெண்டுக்கு நான் கிருஷ்ணகிரில..."

"அது லண்டன்ல பத்து பன்னெண்டு சார்," என்றாள் எவாஞ்சலின். "இங்க மூணு நாப்பத்திரெண்டு. காவியா அப்ப பிணவறையில இருந்தா. நீங்க உங்க ரூம்ல இருந்தீங்க."

நாராயணப்பன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

ராசாத்தி வழக்குக் கோப்பை அவர் முன்னால் விரித்து வைத்தார். வாக்குமூலம் தானாக வந்தது. காலை ஏழு மணிக்குக் குட்டையில் பரிசோதனைக்குத் தண்ணீர் எடுக்க அவள் போனாள். அவரும் போனார். அந்த எண்ணை மாற்றச் சொன்னார். நேற்றே ஏற்றிவிட்டேன் சார், என்றாள் அவள். பிடித்துத் தள்ளினார். கிருஷ்ணகிரிக்குப் போய்த் தேர்வு நடத்திவிட்டு வந்து, எண்ணை மாற்றிய கோப்பை ஏற்றினார். போலீஸ் பத்து பன்னிரண்டு என்றபோது அவருக்கே புரியவில்லை. தெய்வம் தன் பக்கம் என்று நினைத்துக்கொண்டார்.

"அப்பறம் ஏன் சார் இன்னைக்குப் போய் எடுக்கச் சொன்னீங்க?" என்றார் ராசாத்தி.

நாராயணப்பன் கண்களைக் கசக்கினார்.

"மாசாமாசம் வழிகாட்டிக்கும் அந்தக் கணக்கு மெயில்ல வரும். தெனமும் ராத்திரி பன்னெண்டு நாப்பதுக்கு ஒருத்தர்... ஒரு நாள் தவறாம... இன்னையோட நான் தூங்கி ஒரு வருஷம் ஆச்சு மேடம். அவதான் வந்து படிக்கறான்னு நெனச்சேன்."

எவாஞ்சலின் திரைப் பக்கம் திரும்பினாள். கல்லறைப் பக்கத்தை நீக்கினாள். பின்னால் மறைந்திருந்த காவியாவின் கோப்பை முன்னால் கொண்டுவந்தாள்.

பிறகு போனை எடுத்தாள்.

"மாதேஸ்வரியம்மா... தொறந்தாச்சு, பாருங்க."

அந்தப் பக்கம் பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது.

"வந்துருச்சும்மா. ரெண்டு வரியும் இருக்குது."

"உங்க பொண்ணு தானாப் போகலம்மா. போலீஸ் மேடம் இங்கதான் இருக்காங்க, அவங்களே உங்ககிட்டப் பேசுவாங்க. அதுக்கு முந்தி ஒண்ணு... இனிமே அந்தக் கெணத்துத் தண்ணியக் குடிக்காதீங்க. இந்தப் புஸ்தகத்துல அவ உங்களுக்குச் சொல்ல வந்ததே அதுதான்."

வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்து நின்றார்கள். நாராயணப்பன் எழுந்தார். திரையில் ஒளிர்ந்த அந்தப் பெயரைப் பார்த்தார்.

"அத எடுக்கவே முடியாதா?"

"முடியாது சார்," ராசாத்தி அவர் தோளில் கை வைத்தார். "யாரு வேணா, எப்ப வேணா போய்ப் பாக்கலாம். உங்களப் பாக்கறதுக்குத்தான் இனிமே மனுப் போடணும்."