அவிழ்க்காத தொட்டில்

காற்றே இல்லை. ஆனாலும் ஆலமரத்து விழுதுகளில் கட்டியிருந்த நூற்றுக்கணக்கான துணித் தொட்டில்களில் ஒன்று மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

அது பிரமீளாவின் பழைய மஞ்சள் ரவிக்கைத் துணி. கோடை விடுமுறைக்கு இந்த மரத்தைப் பார்த்தே ஆகவேண்டும் என்று கணவன் ஓபுலேசு ஒற்றைக்காலில் நின்று, ராயலசீமை வெயிலில் மூன்று மணி நேரம் காரில் வேகவைத்து இழுத்து வந்த காரணம் இப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

"நீங்க கட்டினதா?"

"ஏழு வருஷம் முன்னாடி, பிள்ளை வரம் கேட்டு, உனக்குத் தெரியாம. பொறக்குற பிள்ளையே வந்து தன் கையால அவிழ்க்கணும். ஹாசினியை அவிழ்க்கச் சொல்லு பிரமீளா. பயமா இருக்கு."

"ஊசி குத்திக்கிட்டது நான். வயித்தைக் கிழிச்சது எனக்கு. கும்பிடு மட்டும் மரத்துக்கா? அவ அவிழ்க்க மாட்டா. கிளம்புங்க."

திரும்பினாள். மகள் ஹாசினி பக்கத்தில் இல்லை.

விழுதுகளுக்குள் நுழைந்தாள். உச்சிவெயில் வெளியிலேயே நின்றுவிட்டது. உள்ளே பொழுதுசாய்ந்த இருட்டு, வௌவால் எச்சத்தின் நெடி, ஈரமண் வாடை, அதுவரை கத்திக்கொண்டிருந்த வௌவால்கள் சட்டென்று அடங்கிய பிறகு மிச்சமிருந்த அமைதியில் அவளுடைய கொலுசுச் சத்தம் மட்டும். மஞ்சள் தொட்டிலுக்கு அடியில் ஹாசினி குந்தியிருந்தாள். ஒரு கையை மண்ணில் ஊன்றியிருந்தாள்.

"கை வரலம்மா."

பின்னால் ஓடிவந்த ஓபுலேசு தொட்டிலின் முடிச்சைத் தேடினான். முடிச்சே இல்லை. துணி விழுதோடு விழுதாக வளர்ந்திருந்தது.

பிரமீளா மகளின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. மறுபடி இழுத்தாள். மண்ணுக்குள் எதுவோ பட்பட்டென்று அறுந்தது. ஹாசினி வீரிட்டாள்.

ரத்தம் வரவில்லை. ஐந்து விரல் நுனியிலும் வெள்ளையாக, கெட்டியாகப் பால் வடிந்தது.

பிரமீளாவுக்குக் கோபம் வந்தது. பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு மரத்தை அண்ணாந்து பார்த்துக் கத்தினாள்.

"இவ என் பொண்ணு! உன்னால ஆனதைப் பாத்துக்கோ!"

வெளிச்சத்தைப் பார்த்து நடந்தாள். ஹாசினியின் விரல்களிலிருந்து விழுதுபோலப் பழுப்பு நார்கள் கிளம்பின. இறங்கின. நிலத்தைத் துழாவின. பிஞ்சுக் கையை உயரத் தூக்கிப் பிடித்தாள்.

நார்கள் நின்றன. வளைந்தன.

மண் கிடைக்காமல் பிரமீளாவின் கழுத்தில் இறங்கின. தோலுக்குள் ஊர்ந்தன.

"இறக்கி விடு, பிரமீளா!" ஓபுலேசு அலறினான்.

அவள் பிள்ளையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டு நடந்தாள்.