இருபது புள்ளித் திருத்தம்

அன்று காலை தம்பி துவாரகன் பாணுக்கு வெண்ணெய் பூசினான். எனக்கு இரண்டு துண்டு, தனக்கு ஒன்று. தன்னுடையதைத் தின்னாமல் தட்டில் வைத்துவிட்டு, சமையலறைச் சுவரில் பதித்திருந்த மனமானியின் முன் போய் நின்றான். வடதுருவத்துக்கு அருகே இருக்கும் எங்கள் துறைமுக நகரில் வேலைக்குப் போகுமுன் எல்லோரும் செய்வதுதான் அது. உள்ளங்கையைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, இரவு எப்படிக் கழிந்தது என்று ஒரு நிமிடம் சொல்ல வேண்டும். குரலையும் முகத்தையும் நாடியையும் கணித்து மெஷின் ஓர் எண் காட்டும். அறுபதைத் தொட்டால் அன்றே மனநல நிலையத்தில் கட்டில் கிடைக்கும். மனித மருத்துவர் ஒருவர் எதிரே வந்து உட்காருவார். அறுபதுக்குக் குறைந்தால் பச்சை விளக்கு, வேலைக்குப் போகலாம்.

மூன்று வாரமாகத் தம்பி தூங்கவில்லை. அந்தக் கட்டிலுக்காகத்தான் இருவரும் காத்திருந்தோம்.

"அழாதை. அழுதால் நடிக்கிறாய் எண்டு நினைக்கும். இந்த ஊர்க்காரரை மாதிரி மெதுவாக் கதை" என்றேன்.

"மெஷினுக்கும் சபை மரியாதையோ அக்கா?"

"பகிடியை விட்டிட்டுக் கதையடா."

புலம்பெயர்ந்து இங்கே வந்த எங்கள் ஆட்கள் எல்லோரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. சத்தம் போடுகிறவர்களை இங்கே யாரும் நம்புவதில்லை என்பது எங்கள் அனுபவம். மெஷினும் அப்படித்தான் என்று நினைத்தோம். தம்பி வானிலை வாசிப்பவனைப் போல, தனக்கு இனி ஏலாது என்று சொன்னான். ஐம்பத்தொன்பது. பச்சை.

"ஒண்டால போச்சு" என்று சிரித்தான்.

"நாளைக்கு வரும்" என்றேன்.

மாலையில் அவன் திரும்பவில்லை. மறுநாள் காவல்துறையினர் கதவைத் தட்டினார்கள். தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான் என்றார்கள். இதற்குமேல் அதைப் பற்றி என்னால் எழுத முடியாது.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த பிறகு, மனமானிகளின் கணக்கை வைத்திருக்கும் அளவை நிலையத்துக்குப் போனேன். அங்கே தொழில்நுட்பப் பிரிவில் எங்கள் ஆள் ஒருவர் இருந்தார், குகதாசன் அண்ணை. தம்பியின் கோப்பைத் திறந்தவர் திரையை என் பக்கம் திருப்பவில்லை.

"காட்டுங்கோ அண்ணை."

"தங்கச்சி, இது வெளியில கதைக்கிற விஷயமில்லை."

"ஆருக்குப் போய்ச் சொல்ல? எனக்கு வீட்டில ஆர் இருக்கினம்?"

திருப்பினார். மூல அளவு எழுபத்தொன்பது. அதன் கீழே: மரபுத் திருத்தம், இருபது கழிக்க.

"ஆரின்ர மரபு?"

"எங்கடதான். தாய் தேப்பன்ர பதிவைப் பாத்து அதுவாக் கழிக்கும்."

"ஏன்?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். மனமானி வந்த புதிதில், போரிலிருந்து தப்பி வந்த எங்கள் அப்பா அம்மாவின் வயதுக்காரரை அளந்துதான் எங்கள் இனத்தின் சராசரியை எடுத்தார்களாம். அநேகமாக எல்லோரும் அறுபதைத் தாண்டியிருந்தார்கள்.

"அவ்வளவு பேரும் நோயாளியளாய் இருக்கேலாது எண்டு நினைச்சினம். இந்தச் சனத்தின்ர இயல்பே இதுதான் எண்டு முடிவெடுத்திட்டினம்."

"செல் குண்டுகளுக்குள்ளால வந்த சனம் அண்ணை. பிள்ளையளைப் புதைக்கக்கூட நேரமில்லாமல் ஓடி வந்ததுகள்."

"அந்தப் படிவத்தில அப்பிடியொரு கேள்வி இருக்கேல்லை, தங்கச்சி."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். நான் கேட்டேன்.

"அவன் அழுதிருந்தா ஒரு புள்ளி கூடியிருக்குமோ?"

"அதை யோசியாதையுங்கோ" என்றார்.

வேறெதையும் யோசித்து நான் பழகவில்லை. இன்றும் தினமும் காலையில் அந்தத் தகட்டில் கையை வைக்கிறேன். எந்தக் குரலில் தொடங்குவது என்று தெரிவதில்லை. ஒரு நிமிடத்தில் பாதி அப்படியே போய்விடுகிறது. பச்சை விளக்கு எரிகிறது.

எங்கள் ஆட்கள் நூற்றுச் சொச்சம் பேர் கையெழுத்திட்டு அளவை நிலையத்திடம் நான்கு ஆண்டுகள் முறையிட்டோம். சென்ற பங்குனியில் அதன் குழு கூடித் திருத்தத்தை இருபதிலிருந்து பதினெட்டாகக் குறைத்தது. முழுவதும் நீக்கினால் கட்டில்கள் போதாதாம். பழைய அளவுகளுக்கு இது பொருந்தாது என்று அறிவிப்பின் கடைசி வரியில் இருந்தது.

எழுபத்தொன்பதில் பதினெட்டுப் போனால் அறுபத்தொன்று. குகதாசன் அண்ணையிடம் துவாரகனின் கோப்பைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். ஐம்பத்தொன்பது.