ஓர் இருமல் போதும்!

ட்ரிங்... ட்ரிங்...!

1979. பதுளை கடைவீதி. இரும்புக்கடை இத்ரூஸ் முதலாளி சீப்பை வைத்துவிட்டுப் போனை எடுத்தார்.

ஐம்பதைத் தொடும் ஆள் கல்லாவில் உட்கார்ந்து தலை சீவினால் சும்மாவா இருக்கும்? காரணத்தின் பெயர் ஜெனீரா. ஊர் பண்டாரவளை. வயது இருபத்தாறு!

ஆனால் போனில் வந்தது டொக்டர் நல்லையா.

"முதலாளி, உங்கட மனுசிக்கு மார்பில ஒப்பரேசன் சரி. இனி புற்றுநோய் மாத்திரை. ஒண்டு கவனம்! அது புற்றோட சேர்த்து ரத்தத்தில வெள்ளை அணுவையும் கொல்லும். நோயை எதிர்க்கிற பட்டாளமே அதுதான். அது குறைஞ்ச நேரம் காய்ச்சல்காரர் ஆரும் பக்கத்தில நிண்டு இருமினா..."

"இருமினா?"

"ஆள் முடிஞ்சுது!"

"அல்லாஹ்வே!" என்றார் இத்ரூஸ். குரலில் நடுக்கம். முகத்தில் சிரிப்பு!

அடுத்த போன் பண்டாரவளைக்கு.

"கொஞ்சம் பொறு புள்ள..."

"இன்னும் எவ்வளவு பொறுக்கிற? ரெண்டாந்தாரமா வாறேன். சக்களத்தியா வரமாட்டேன். உங்க ஸைனப் மவுத்தானாத்தான் நிக்காஹ்!"

"ஆயிருவா... ஓர் இருமல் போதும்!"

மறுநாளே நமுனுகுல தேயிலைத் தோட்டத்தில், கூலியாட்கள் குடியிருக்கும் லயத்தில் நின்றார். அவர் வீட்டு வேலைக்காரி இராக்கம்மா கம்பளிக்குள் சுருண்டு இருமிக்கொண்டிருந்தாள்.

"நெஞ்செல்லாம் சளிங்க மொதலாளி. காய்ச்ச வேற. இப்பிடியே வந்தா அம்மாவுக்கு ஒட்டிக்குமே!"

"வாறியா... வேற ஆள் பாக்கவா?"

அடுப்பு எரியாத வீடு. வந்தாள்.

"கட்டிலோட ஒட்டிப் பாயப் போடு. முதுகு தடவி விடு. சோறு ஊட்டி விடு. கிட்டயே இரு!"

பார்த்தவர்கள் உருகினார்கள். புருஷன் என்றால் இத்ரூஸ்!

இராக்கம்மா இருமினாள்... ஸைனப் ரெண்டு தும்மல் போட்டாள்...

இத்ரூஸ் காத்திருந்தார்.

ஸைனப் எழுந்துபோய் வட்டிலப்பம் செய்தாள்!

ஓடினார் டொக்டரிடம். "ஸைனப்ட ரத்தம் எப்பிடி?"

"அபாரம்! வெள்ளை அணு குறையவே இல்லை. தலைமயிர்கூடக் கொட்டேல்ல. என்ன எதிர்ப்புச் சக்தி! தப்பிடுவா!"

இத்ரூஸ் தலையில் கைவைத்தார்.

கையோடு ஒரு கொத்து முடி வந்தது!

'பாவம், பொண்டாட்டிக் கவலை' என்றது ஊர்.

பிறகு இத்ரூஸ் இருமினார். குளிர்ந்தது. மூச்சு முட்டியது. வெள்ளிக்கிழமை அவர் ஜும்மா தொழுகைக்கு நடந்து போகவில்லை.

அடக்கம் செய்ய மையவாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்!

இராக்கம்மாவோ கொத்தமல்லித் தண்ணி குடித்தே எழுந்துவிட்டாள்.

புருஷன் இறந்த பெண் ஆண்கள் கண்ணில் படாமல் இருக்கும் இத்தா காலம். ஸைனப் திரைக்குப் பின்னால் இருக்க, டொக்டர் இந்தப் பக்கமிருந்து கேட்டார்.

"கடைசியா அவற்ர ரத்தத்தைச் சோதிச்சன். வெள்ளை அணுவே இல்லை! அது உங்கட மாத்திரை செய்யிற வேலை. உண்மையைச் சொல்லுங்கோ... நீங்கள் ஒண்டாவது விழுங்கினியளா?"

"இல்ல டொக்டர். ஆனா ஒண்ணயும் வீணாக்கல. பொடிச்சு அவர்ட இஞ்சிப் பிளேன்டீல போட்டேன்."

"என்ன!"

"கடைக்கும் வீட்டுக்கும் நடுவுல பலகைச் செவருதானே. பண்டாரவளைக்குப் பேசினதெல்லாம் தெளிவாக் கேட்டிச்சு. மாத்திரை வெள்ளை அணுவக் கொல்லும்னு நீங்க எனக்கும் சொல்லியிருந்தீங்களே."

டொக்டருக்கு வியர்த்தது. "ஐயோ... மருந்து விழுங்காத ரத்தத்தைப் பார்த்தே நான் தப்பிடுவா எண்டு சொன்னன்! இவ்வளவு நாளில புற்று..."

"பரவிட்டுது. கக்கத்துல ரெண்டு கட்டி. தடவிப் பார்த்தேன்."

"மாத்திரையை விழுங்கியிருந்தாத் தப்பியிருப்பியள்!"

"விழுங்கியிருந்தா அந்த இருமல்லயே போயிருப்பேன்."

டொக்டர் எழுந்து பையை எடுத்தார்.

"நான்... பொலிசுக்குச் சொல்லத்தான் வேணும்."

"எனக்கு இன்னம் எவ்வளவு காலம்?"

"ஆறு மாசம். மிஞ்சாது."

திரைக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம்!

"அப்ப தாராளமாச் சொல்லுங்க டொக்டர்! கோர்ட்டுல மொதத் தவணை விழவே ஒரு வருஷம் ஆகும். நான் வரலன்னு கோவம் வந்தா, நீதவான் ஐயாவ என்னப் பிடிச்சிட்டு வரச் சொல்லி மையவாடிக்குப் பிடிவிறாந்து அனுப்பச் சொல்லுங்க!"