எதிர்ச்சரிவின் பதில்

எதிரொலி சீக்கிரம் வந்துவிட்டது.

சேலத்திலிருந்து மோட்டார் பஸ்ஸில் மலையேறி வந்த விருந்தாளிகள் அதைக் கவனிக்கவில்லை. கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு பள்ளத்தைப் பார்த்து "ஹோ" என்று கத்தினார்கள். பதில் வந்தது. கை தட்டிவிட்டு விடுதிக்குக் காப்பி குடிக்கப் போனார்கள். வழிகாட்டி கஸ்பார் மட்டும் அங்கேயே நின்றான். சத்தமும் நடந்து போய்த்தான் திரும்ப வேண்டும். எதிர்ச்சரிவு வரை போய்வர நான்கு எண்ணலாம். முந்தாநாள் மூன்றுதான் எண்ண முடிந்தது. நேற்று இரண்டு. இன்று ஒன்று.

அதைவிடப் பெரிய சிக்கல், அந்த இடத்தில் எதிரொலியே கிடையாது. மொட்டைப் பாறைதான் சத்தத்தைத் திருப்பி அனுப்பும். எதிர்ச்சரிவு முழுக்க மரம். மரம் சத்தத்தைத் தின்றுவிடும். விடுதி முதலாளி சரவணமுத்து அதற்காகச் சோர்ந்துவிடவில்லை. "எதிரொலிப் பாறை" என்று பலகை நட்டார். ஜேடர்பாளையத்துக் கருப்பண்ணனைக் கூலிக்கு அமர்த்தி, அந்த மரங்களுக்குள் உட்காரவைத்தார். காதில் விழுந்ததை அப்படியே உடனே கத்தினால் போதும். மீதியைத் தூரம் பார்த்துக்கொள்ளும்.

"நேத்து ஒரு தொரசாணி கூப்புட்டாங்க. நானும் இங்கிலீசுலயே பதில் சொன்னனுங்க," என்று கருப்பண்ணன் சிரிப்பான்.

போன ஆடி மழையில் ஒரு மாலை அவன் கால் சறுக்கிப் பள்ளத்தில் விழுந்தான். "கயிறு போடுங்க சாமி!" என்று கீழிருந்து குரல் வந்தது. எதிரொலி தானாகப் பேசுகிறது என்று விருந்தாளிகளுக்குக் கொண்டாட்டம். "கயிறு போடுங்க சாமி!" என்று அவர்களும் திருப்பிக் கத்திக் கை தட்டினார்கள். கயிற்றுச் சுருளோடு ஓடி வந்த கஸ்பாரின் கையைச் சரவணமுத்து பிடித்துக்கொண்டார்; சுருள் வேலிக்காலில் விழுந்து மாட்டிக்கொண்டது.

"கயிறு போட்டா ஆளு இருக்கறது தெரிஞ்சு போயிரும்டா. இவங்க போகட்டும்."

இருட்டும்வரை அவர்கள் போகவில்லை. அதற்குள் கீழிருந்து வந்த குரல் நின்றுவிட்டது. உன் புருசன் ஓடிப்போய்விட்டான் என்று கருப்பண்ணன் மனைவி சின்னாயிக்கு ஆள் அனுப்பினார் சரவணமுத்து. அன்று முதலாளியின் கையை உதறியிருக்கலாம். அந்தக் கோபம் கஸ்பாரின் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது.

கொஞ்ச நாளில் எதிரொலி மறுபடி தொடங்கியது. முதலாளி புது ஆள் வைத்திருக்கிறார் என்று கஸ்பார் நினைத்தான்.

இப்போது பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வந்தது. ஈரக் காப்பி இலையின் வாசனையை மூடிக்கொண்டு, அதற்கு அடியில், வெகுநாள் மூடிக்கிடந்த கிணற்றின் வாடை மெல்ல மெல்லப் பரவியது. சரவணமுத்து குடையோடு வந்தார்.

"ஏண்டா கஸ்பாரு, உன் ஆளுக்கு என்ன அவசரம்? கத்தி முடிக்கறதுக்குள்ள பதில் சொல்றான்?"

"என் ஆளுங்களா? நீங்க வெச்ச ஆளில்லீங்களா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சரவணமுத்து வலிந்து சிரித்தார்.

"அப்பறம் என்ன, பாறை நடந்து வருதா?"

"பாறை நடக்காதுங்க மொதலாளி. பதில் சொல்றவன் ஏறி வாரானுங்க."

"போடா கிறுக்கா." வேலிமேல் குனிந்து கத்தினார். "ஹோ!"

"ஹோ."

இடைவெளி இல்லை. இடைவெளி இல்லையென்றால் தூரமில்லை.

பனி. ஈர மூச்சு. பாறையில் நகம் கீறும் சத்தம்.

பிறகு, யாரும் கூப்பிடாமலே:

"கயிறு போடுங்க சாமி."

கயிற்றுச் சுருள் அன்று விழுந்த இடத்திலேயே, வேலிக்காலில் மாட்டிக் கிடந்தது. கஸ்பார் அதை எடுத்தான். ஒரு நுனியை முதலாளியின் மணிக்கட்டில் சுற்றி இறுக்கினான்.

"இப்ப விருந்தாளிங்க யாருமில்லீங்க."

மறுநுனியைப் பள்ளத்தில் எறிந்தான்.

கயிறு விறைத்தது.

"கஸ்பாரு. அவுத்து விடுடா. டேய்."

கஸ்பார் வேலிக்காலைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடினான். செருப்பு மண்ணை உழுதது. கம்பி அதிர்ந்தது. அடங்கியது.

குடை மட்டும் கிடந்தது. ஓட வேண்டும். மாதாவே. தெரிந்துகொள்ளாமல் போக முடியாது. பள்ளத்தைப் பார்த்துக் கத்தினான்.

"ஹோ!"

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

"ஹோ," என்றது எதிர்ச்சரிவு. சரவணமுத்துவின் குரல்.

கீழே, பள்ளத்துக்குள், யாரோ ஒருவர் ஈரக் கையால் நிதானமாகக் கை தட்டினார்.

எதிரொலி சரியாகிவிட்டது. எதிர்ச்சரிவில் ஓர் ஆள் இருந்தால் போதும்.